எழுவான்கரை வளவு வீடு: சோலார் முதலா, தண்ணீர் முதலா?

தேத்தாமரத்தடி எழுதியது:

வணக்கம். மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம், கடலுக்கும் வாவிக்கும் இடையில் 20 பேர்ச் வளவு. மணல் மண், வாவிப் பக்கமாகக் கொஞ்சம் சாய்வு. வீடு 40 அடிக்கு 25 அடி, வடக்குத் தெற்காக நீட்டு. கூரை அஸ்பெஸ்டஸ் சீற், கிழக்கும் மேற்குமாக இரண்டு சரிவு. இருப்பது ஐந்து பேர்.

கரண்ட் மாதம் ஏறக்குறைய 165 யூனிட். பழைய பேன் மூன்று, 12 வருடப் பிரிட்ஜ் ஒன்று, 1 குதிரைவலு மோட்டர் ஒன்று. கிணறு 14 அடி. ஆனி தொடங்கினால் புரட்டாதி வரைக்கும் தண்ணி சவர் (உப்புச் சுவை) அடிக்கும். மேற்குப் பக்க அறையில் மத்தியானத்துக்குப் பிறகு இருக்க ஏலாது. குசினியில் காஸும் விறகும்.

வீட்டைச் சுற்றாடலுக்குப் பாரமில்லாத மாதிரி மாற்ற வேண்டும் என்பது எண்ணம். கையில் உள்ள காசு ஒரு சோலார் தொகுதிக்குக் காணும், அதைப் போட்டால் வேறு எதற்கும் மிஞ்சாது. கேட்கிற எல்லாரும் சோலாரைத்தான் சொல்கிறார்கள். பில், சுகம், தண்ணி, மண் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எது கூடுதல் பலன் தரும்? எந்த ஒழுங்கில் செய்ய வேண்டும்?

ஊற்றுக்கண் எழுதியது:

சோலார் கடைசி. தண்ணிதான் முதல். காரணத்தைச் சொல்லிவிட்டு வேலையைச் சொல்கிறேன்.

உங்கள் வளவுக்குக் கீழே இருப்பது உப்புத் தண்ணிக்கு மேல் மிதக்கிற ஒரு நன்னீர்ப் படை. மழை இறங்கி மணலில் தங்கியது, அவ்வளவுதான். கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய 2.5 வீதம் பாரம் கூட. அதனால் நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி உயர்ந்து நின்றால், கீழே 40 அடி ஆழம் வரை உப்பைத் தள்ளி வைத்திருக்கும். அதே கணக்குத் திரும்பியும் வேலை செய்யும். மேலே 1 அடி இறங்கினால் கீழே உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். 1 குதிரைவலு மோட்டரை ஒரேயடியாக ஒரு மணித்தியாலம் ஓட்டும்போது கிணற்றடியில் நடப்பது இதுதான். ஆனியில் சவர் வருவதற்குக் கோடை பாதிக் காரணம், மோட்டர் மீதிக் காரணம்.

ஆகவே இரண்டு வேலை. கிணற்றில் இருந்து எடுப்பதைக் குறைப்பது ஒன்று. குடிக்கவும் சமைக்கவும் கூரைத் தண்ணியைப் பிடிப்பது மற்றது.

கணக்கு இலகு. 1 சதுர மீற்றர் கூரையில் 1 மி.மீ. மழை விழுந்தால் 1 லீற்றர். சரிவின் நீளத்தை அளக்கக் கூடாது, நிலத்தில் அது மூடுகிற பரப்பைத்தான் அளக்க வேண்டும். நிறையப் பேர் இதில் பிழை விட்டுத் தேவையில்லாத பெரிய தாங்கி வாங்குகிறார்கள். உங்கள் கூரை 1,000 சதுர அடி, அதாவது 93 சதுர மீற்றர். அதில் பாதியை மட்டும் எடுங்கள், கிழக்குச் சரிவை. வாடைக்காற்று மழையை அந்தப் பக்கத்தில்தான் கூடுதலாக அடிக்கும். 46 சதுர மீற்றர், தெறித்தும் நனைந்தும் போவது 15 வீதம் கழித்தால் 1 மி.மீ.க்கு 39 லீற்றர். 5,000 லீற்றர் தாங்கி நிரம்ப 130 மி.மீ. மழை காணும். மட்டக்களப்பில் கார்த்திகையிலும் மார்கழியிலும் மாதத்துக்குச் சராசரி 300 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. பீலி (கூரை விளிம்பில் தண்ணி ஏந்தும் வாய்க்கால்) ஒரு பக்கத்துக்கு மட்டும் போட்டால் போதும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன். செலவு பாதியாகும்.

5,000 லீற்றர் எத்தனை நாளுக்கு? குடிக்க, சமைக்க ஆளுக்கு 5 லீற்றர் என்றால் நாளுக்கு 25. ஆக 200 நாள். தை கடைசியில் நிரம்பிய தாங்கி ஆவணி நடுப்பகுதி வரை வரும். பங்குனி, சித்திரையில் 20 மி.மீ. மழை ஒன்று விழுந்தாலும் 780 லீற்றர் சேரும், அது இன்னும் ஒரு மாதம். குளிக்க, உடுப்புத் துவைக்க இதைத் தொடக் கூடாது. தொட்டால் பங்குனியிலேயே தாங்கி காய்ந்துவிடும்.

பீலி 5 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பீலியைப் பிடிக்கும் கொளுக்கி 2 அடிக்கு ஒன்று. 3 அடிக்கு ஒன்று போட்டால் மாரி மழையின் பாரத்தில் நடுவில் தொய்ந்து தண்ணி தேங்கும், தேங்கினால் நுளம்பு. இங்கே டெங்கு கூடுவதும் அதே மாரியில்தான். சரிவு 10 அடிக்கு அரை அங்குலம் முதல் ஒரு அங்குலம். இறங்கு குழாய் 110 மி.மீ.

முதல் மழையைக் கழிக்கும் குழாயை யாரும் விடாதீர்கள். கூரையில் கிடக்கிற தூசி, காகத்தின் எச்சம், கடல் உப்பு எல்லாம் முதல் 1 மி.மீ. மழையோடு வந்துவிடும். 46 சதுர மீற்றருக்கு அது 46 லீற்றர். 160 மி.மீ. குழாயை 8½ அடி நீளத்துக்குச் செங்குத்தாகச் சுவரில் நிறுத்தினால் அந்த அளவு பிடிக்கும். இறங்கு குழாயில் டீ (T வடிவ மூவழி இணைப்பு) ஒன்று வைத்து இதைத் தொங்கவிட வேண்டும். இது நிரம்பிய பிறகுதான் தண்ணி தாங்கிப் பக்கம் திரும்பும். அடியில் திருகு மூடி போட்டு, மூடியில் 3 மி.மீ. துளை ஒன்று. துளை இல்லாவிட்டால் அடுத்த மழைக்குக் குழாய் நிரம்பியே இருக்கும், அழுக்கு நேரே தாங்கிக்குள் போகும். துளை அடைபடும், ஆகவே மாரியில் கிழமைக்கு ஒருமுறை மூடியைக் கழற்றி அலச வேண்டும். கச்சான் காற்று முழுக்கத் தூசி கொட்டிய பிறகு வரும் ஐப்பசியின் முதல் இரண்டு பெரிய மழையையும் முழுதாக வெளியே விட்டுவிடுங்கள்.

தாங்கி நிலத்துக்கு மேலேதான். நிலத்துக்குக் கீழே வைத்தால் மார்கழியில் நிலத்தடி நீர் ஏறும்போது வெறும் தாங்கி மிதந்து குழாயை முறிக்கும். நிரம்பினால் பாரம் 5 தொன். மணலைத் தண்ணி ஊற்றி இறுக்கி, கம்பி வலை வைத்து 4 அங்குலக் கொங்கிறீற் தட்டு, அதன் மேல் ஒன்றரை அடி உயர மேடை. குழாய்க்குக் கீழே வாளி நிற்க அந்த உயரம் வேண்டும். தண்ணி எடுக்கும் குழாய் அடித்தளத்தில் இருந்து 3 அங்குலம் மேலே, கழுவி விடும் குழாய் அடியிலேயே. உள்ளே வரும் குழாயை அடிவரை இறக்கி வாயை மேல்நோக்கித் திருப்பினால் அடி வண்டல் கலங்காது. மேல்வழிவுக் குழாய் உள்வரும் குழாயின் அதே அளவு, வாயில் நுளம்பு வலை. தாங்கிக்குள் வெளிச்சம் போனால் பாசி பிடிக்கும், வெளிர் நிறத் தாங்கி வேண்டாம். சீமெந்துத் தாங்கி கட்டினால் முதல் நிரப்புத் தண்ணி சுண்ணாம்புக் காரத்தோடு இருக்கும், அதை மரத்துக்கு ஊற்றுங்கள். குடிக்கும் தண்ணியைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

கிணற்று மோட்டரை அரைக் குதிரைவலுவுக்கு மாற்றி, காலையில் 15 நிமிடம், பின்னேரம் 15 நிமிடம் ஓட்டுங்கள். உறிஞ்சு குழாயின் வாயை அடியில் வைக்காமல், மிதவையில் கட்டித் தண்ணி மட்டத்துக்கு ஒன்றரை அடி கீழே நிற்கும்படி விடுங்கள். சவர் பாரம் கூடியது, அடியில்தான் முதலில் வரும்.

சம்மாந்துறை வயரிங் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். சோலார் வேலை செய்கிறவன்தான், ஆனாலும் ஊற்றுக்கண் நானா சொன்ன ஒழுங்கு சரி. 165 யூனிட்டுக்குச் சோலார் போடுவது ஓட்டை வாளியில் தண்ணி அள்ளுவது போல. ஓட்டையை அடைத்த பிறகு சிறிய வாளியே காணும்.

உங்கள் 165 எங்கே போகிறது என்று பாருங்கள். பழைய பேன் 75 வாட். மூன்று பேன், நாளுக்கு 10 மணித்தியாலம்: மாதம் 67 யூனிட். 1 குதிரைவலு மோட்டர் நாளுக்கு ஒரு மணித்தியாலம் ஓடினால் ஏறக்குறைய 30. அந்த வயதுப் பிரிட்ஜ் 45 அளவில். மீதி விளக்கு, ரீவி, அயன் பெட்டி. பேனைக் கரண்ட் குறைய எடுக்கும் பிஎல்டிசி (BLDC) பேனுக்கு மாற்றினால் 30 வாட்தான், அதே பாவனைக்கு 27 யூனிட். மோட்டரை மேலே சொன்ன மாதிரி மாற்றினால் 10க்குள். இந்த இரண்டிலேயே 60 யூனிட் இறங்கும். பிரிட்ஜை மாற்ற முதல் கதவு றப்பரைப் பாருங்கள்: ஒரு கடதாசித் துண்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். சும்மா உருவி வந்தால் குளிர் அந்த வழியால் போகிறது, றப்பர் மட்டும் மாற்றலாம். பின்பக்கம் சுவரில் இருந்து 4 அங்குலம் தள்ளி, அடுப்புக்கும் மேற்குச் சுவருக்கும் தூரமாக வையுங்கள்.

கட்டண முறையையும் விளங்கிக்கொள்ள வேண்டும். வீட்டுப் பாவனையில் 60 யூனிட்டுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு அட்டவணை, அதைத் தாண்டியவர்களுக்கு வேறு அட்டவணை. தாண்டினால் முதல் 60க்கே விலை கூடும், பிறகு 90, 120, 180 என்று படி ஏறும். குறைக்கிற ஒவ்வொரு யூனிட்டும் மேல்படியில் இருந்து, ஆக விலை கூடிய யூனிட்டில் இருந்துதான் குறைகிறது. ஐந்து பேர் வீட்டில் 60க்குள் நிற்பது கஷ்டம். 100 அளவுக்கு வரலாம், பிரிட்ஜும் மாறினால் 90க்குள் நிற்கலாம்.

அதற்குப் பிறகு சோலார். நம் நாட்டில் 1 கிலோவாட் பனல் சராசரியாக மாதம் 110 யூனிட் தரும், மார்கழி முகிலில் அதைவிடக் குறைவு. 165க்கு 1½ கிலோவாட் தேவைப்பட்ட வீடு இப்போது 1 கிலோவாட்டில் முடியும். 550 வாட் பனல் இரண்டு. ஒன்று 2.3 மீற்றர் நீளம், 28 கிலோ அளவு. கிழக்கு மேற்குச் சரிவு என்று யோசிக்க வேண்டாம். மட்டக்களப்பு 7.7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது, மத்தியானத்தில் சூரியன் வருடம் முழுக்க நல்ல உயரத்தில்தான். சரிவு குறைந்த கூரையில் எந்தப் பக்கம் போட்டாலும் இழப்புச் சில வீதம். ஆனால் 10 பாகைக்குக் குறையச் சரிக்க வேண்டாம், மழை தூசியைக் கழுவாது.

இந்தக் கரையில் சோலார் எங்கே பழுதாகிறது? பனலில் இல்லை, ஆணியில். கல்வனைசு ஆணியைக் கடல் காற்று இரண்டு மூன்று மாரியில் தின்றுவிடும். தண்டவாளம் அனடைஸ் பண்ணிய அலுமினியம், ஆணி எல்லாம் 316 தர ஸ்ரெயின்லெஸ், அலுமினியமும் இரும்பும் நேரே தொடும் இடத்தில் றப்பர் வொஷர். எர்த் கம்பி இன்னொரு கதை. மாரியில் அளந்தால் நல்ல எண் காட்டும், கோடையில் மணல் காய்ந்ததும் தடை ஏறிவிடும். ஆவணியில் அளந்து, ஈர மணலைத் தொடும் ஆழம் வரை கம்பியை இறக்க வேண்டும். இடி முழங்கும் சித்திரைக்கும் ஐப்பசிக்கும் முதல் மின்னெழுச்சிக் காப்பு இரண்டு பக்கமும் வேண்டும், பனல் பக்கமும் மின்சார லைன் பக்கமும். இன்வேட்டரை மேற்குச் சுவரில் மாட்டாதீர்கள், வெயில் பட்டால் உற்பத்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். பனலைக் கழுவுவது விடியப்புறம், மழைத்தண்ணியில். சவர்த் தண்ணியில் கழுவினால் உப்புப் படியும்.

பற்றரி இல்லாத தொகுதி கரண்ட் போனதும் தானாக நிற்கும். லைனில் வேலை செய்கிறவரின் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறது, பழுது என்று நினைக்க வேண்டாம். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டது. பாவனை குறைந்து உற்பத்தி கூடினால் வலையமைப்புத் தாங்காது. ஆகவே அயன், துவைக்கும் மிசின் எல்லாவற்றையும் பகல் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் ஓட்டப் பழகுவது சோலார் போட முதலே நல்லது.

தேத்தாமரத்தடி எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. வயரிங் நானா சொன்ன பேன் கணக்கு வீட்டில் யாருக்கும் தெரியாத விசயம்.

இன்னும் இரண்டு கேள்வி. அஸ்பெஸ்டஸ் கூரையில் பிடிக்கிற தண்ணியைக் குடிக்கலாமா, அந்தக் கூரைக்கு வெள்ளை அடிக்கலாமா? மற்றது, மலசலகூடக் குழி கிணற்றில் இருந்து 28 அடியில், கடல் பக்கமாக இருக்கிறது. அதை என்ன செய்வது?

கல்லடி மேசன் எழுதியது:

குழியை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் மற்றது எல்லாவற்றையும் விட அதுதான் அவசரம். 28 அடி காணாது. குறைந்தது 50 அடி வேண்டும், மணலில் அதற்கும் கூட. இன்னும் மோசமான விசயம், குழி கடல் பக்கம் இருப்பது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உள்ள இந்த மணல் மேட்டில் நிலத்தடி நீர் நடு முதுகில் உயர்ந்து இரண்டு பக்கமும் வடியும். உங்கள் வளவு வாவிப் பக்கம் சாய்வு என்கிறீர்கள். அப்படியானால் குழித் தண்ணி கிணற்றைக் கடந்துதான் வாவிக்குப் போகிறது.

கிருமியைக் கொதிக்க வைத்துக் கொல்லலாம். நைத்திரேற்றைக் கொதிக்க வைத்தால் போகாது, தண்ணி வற்ற வற்றக் கூடும். குடிநீருக்கான எமது நாட்டுத் தரத்தில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம்தான் எல்லை. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பால்மா கரைக்க அதற்கு மேற்பட்ட தண்ணியைக் கொடுத்தால் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக ஏலாமல் பிள்ளை நீலம் பாரிக்கும். காத்தான்குடி, கல்முனை, சாய்ந்தமருது மாதிரி நெருக்கமான ஊர்களில் 50 அடி இடைவெளிக்கு வளவே இல்லை, அங்கே இது இன்னும் கவனிக்க வேண்டிய விசயம். தண்ணியை ஒருமுறை நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பாருங்கள். நைத்திரேற்று, குளோரைட்டு, மலக்கிருமி மூன்றையும் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும்.

செய்ய வேண்டியது: பழைய குழியை விட்டு, கிணற்றுக்கு வாவிப் பக்கமாக இரண்டு அறைக் கழிவுத் தொட்டி. உள் அளவு 6 அடி நீளம், 3 அடி அகலம், தண்ணி நிற்கும் ஆழம் 4 அடி. அது 2,000 லீற்றர், ஐந்து பேருக்குத் தாராளம். மூன்றில் இரண்டு பங்கு முதல் அறை. உள்வரும் குழாய் வெளியேறும் குழாயைவிட 3 அங்குலம் உயரம், இரண்டு வாயிலும் டீ. டீ இல்லாவிட்டால் மேலே மிதக்கிற கசடு நேரே வெளியே போய் மணலை அடைக்கும். அடித்தளமும் சுவரும் தண்ணி கசியாமல் பூச வேண்டும். அடி திறந்த குழியைத் தொட்டி என்று கட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், நின்று பார்த்துக் கட்டுங்கள்.

தொட்டியில் இருந்து வரும் தண்ணியை ஆழக் குழியில் விடாதீர்கள். மாரியில் இங்கே 3 அடியில் தண்ணி வந்துவிடும், ஆழக் குழி என்பது கழிவை நேரே கிணற்று நீரில் கலப்பதுதான். ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம், 20 அடி நீளத்தில் ஒரு வாய்க்கால். அதில் சல்லி, நடுவில் துளையிட்ட 4 அங்குலக் குழாய், மேலே பழைய சாக்கு அல்லது துணி, பிறகு மண். மேலே கல்வாழை நடுங்கள், அது வேரால் உறிஞ்சிக் காற்றில் விடும். நிலம் மிகவும் பள்ளம் என்றால் ஒரு அடி மண் போட்டு உயர்த்திய பிறகு வாய்க்கால் எடுங்கள். கசடு அள்ளுவது மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, ஆடி ஆவணியில் மட்டும். மார்கழியில் அள்ளினால் வெறும் தொட்டி மேலே கிளம்பி வெடிக்கும்.

இனி அஸ்பெஸ்டஸ். அதன் ஆபத்து தூளை மூச்சில் எடுப்பது. ஆகவே சுரண்டக் கூடாது, கம்பித் தூரிகை போடக் கூடாது, அமுக்கத் தண்ணி அடிக்கக் கூடாது, காய்ந்த சீற்றில் துளை போடக் கூடாது. நல்ல நிலையில் இருக்கிற சீற்றில் தண்ணி பிடிக்கலாம், முதல் மழைக் குழாயும் தாங்கி வாயில் வலையும் அவசியம். விளிம்பு உதிர்ந்து நார் தெரிகிற சீற் என்றால் பிடிக்க வேண்டாம். மாற்ற வேண்டிய நிலை வந்தால் முழுக்க நனைத்து, ஆணியைக் கழற்றி முழுச் சீற்றாக இறக்கி, பொலித்தீனில் சுற்ற வேண்டும். உடைத்து ஒழுங்கையில் பரப்புகிற பழக்கம் பிள்ளைகளின் சுவாசப்பைக்குச் செய்கிற கொடுமை.

வெள்ளை அடிக்கலாம், அடிக்கவும் வேண்டும். கறுத்துப் பாசி பிடித்த சீற் வெயிலில் பெரும்பங்கை உறிஞ்சும், வெள்ளைக் கூரை பெரும்பங்கைத் திருப்பி அனுப்பும். மாசி பங்குனியில், மழை விட்டுக் கூரை காய்ந்த பிறகு. பாசியைத் தண்ணியில் ஊறவிட்டு மெதுவான தும்புத் தடியால் ஈரத்தோடு துடைத்து, முகக்கவசம் போட்டு, அக்ரிலிக் கூரைப் பூச்சு இரண்டு முறை. மேற்குச் சரிவில் தொடங்குங்கள், உங்கள் அந்த அறைக்கு மேலே இருப்பது அதுதான். தண்ணி பிடிக்கிற கிழக்குச் சரிவுக்கு அடித்தால் ஈயம் இல்லாத, குடிநீர்க் கூரைக்கு ஏற்றது என்று போட்ட பூச்சாக இருக்க வேண்டும், அடித்த பிறகு வரும் முதல் சில மழையைப் பிடிக்கக் கூடாது. வெறும் சுண்ணாம்பு மலிவுதான், ஆனால் ஒரு மாரியில் கழுவுப்பட்டுவிடும். சின்க் தகரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கவே கூடாது, தகரத்தின் பூச்சை அரிக்கும். சீற்றில் நேரே கால் வைக்கக் கூடாது. பழைய சீற் சத்தம் இல்லாமல் உடையும். கைமரங்களுக்குக் குறுக்கே பலகை போட்டு அதன் மேல்தான் நடக்க வேண்டும்.

சோலாருக்கும் இதில் ஒரு வார்த்தை. 1978 கார்த்திகை 23 சூறாவளிக்குப் பிறகு, 1980 இல் பலத்த காற்றுக்கான கட்டட வழிகாட்டி வந்தது. அதில் இந்தக் கிழக்குக் கரை முதலாம் காற்று வலயம், அதாவது ஆகப் பலத்த காற்றுக்குரியது. பனலின் பாரம் பிரச்சினை இல்லை, காற்று அடியால் புகுந்து தூக்குவதுதான் பிரச்சினை. பழைய அஸ்பெஸ்டஸுக்கு மேல் பனல் போட்டால் ஆணி சீற்றைத் துளைத்துக் கைமரத்தில் இறுக வேண்டும், கைமரம் சுவர்த் தலைப்பலகையில் பட்டியால் கட்டுப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாத வீட்டில் பனல் போடுவதை நான் சம்மதிக்க மாட்டேன்.

படுவான்கரைப் பயிர் எழுதியது:

எல்லாரும் வீட்டைச் சொன்னீர்கள், வளவை நான் சொல்கிறேன்.

குளிக்கிற, குசினித் தண்ணி நாளுக்கு 300 லீற்றர் வரும் ஐந்து பேர் வீட்டில். அதை மலசலத் தொட்டியில் விடாதீர்கள், தொட்டி தன் வேலையைச் செய்யாது. 6 அடி விட்டம், 2 அடி ஆழத்தில் ஒரு குழி வெட்டி, வெட்டிய மண்ணைச் சுற்றிவர வரம்பாகப் போட்டு, வரம்பில் வாழைக்குட்டி ஐந்து, நடுவில் சேம்பு. குழிக்குள் தேங்காய்ப் பொச்சுமட்டை, காய்ந்த ஓலை, குப்பை இலை நிரப்பி, குழாயை அதற்குள் விடுங்கள். கிணற்றில் இருந்து 30 அடிக்கு மேல் தள்ளி, வாவிப் பக்கம். இலை தாழ்ந்ததும் மேலே போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், தண்ணி கண்ணுக்குத் தெரிந்தால் நுளம்பு வரும். குசினித் தண்ணிக்கு மட்டும் முன்னால் ஒரு எண்ணெய்ப் பொறி: ஒன்றரை அடிச் சதுரப் பெட்டி, வெளியேறும் வாயில் கீழ்நோக்கிய முழங்கைக் குழாய். மீன் பொரித்த எண்ணெய் மேலே உறையும், கிழமைக்கு ஒருமுறை வழித்துக் கூட்டுப்பசளைக்குப் போடுங்கள்.

கூட்டுப்பசளை மணல் வளவுக்கு உயிர். காய்ந்த இலை, வைக்கோல் மூன்று பங்கு, பச்சைக் கழிவு ஒரு பங்கு. கையால் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி வர வேண்டும், ஒழுகக் கூடாது. மீன் தலை, இறால் கோது போட்டால் நடுவில் புதைத்து மேலே அரை அடி காய்ந்த இலையும் உமிச்சாம்பலும். நாற்றம் வருகிறது என்றால் காற்றுப் போகவில்லை அல்லது பச்சை கூடிப்போனது. மாரியில் மூடாவிட்டால் சத்து முழுக்க மணலில் இறங்கிக் கிணற்றுக்குத்தான் போகும். மேசன் அண்ணன் சொன்ன அதே நைத்திரேற்று. யூரியாவை மணல் வளவில் போடுவதும் அப்படித்தான்.

தென்னைக்கு அடியில் இருந்து 4 அடி தள்ளி 2 அடி ஆழத்துக்குக் கிடங்கு வெட்டி, பொச்சுமட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி, ஒவ்வொரு அடுக்குக்கும் 2 அங்குல மண். மூன்று அடுக்கு. புரட்டாதிக்குள் செய்து முடித்தால் மாரி மழையை அது பிடித்துக் கோடைக்குக் கொடுக்கும். பொச்சை எரிக்கிற வளவுகளைப் பார்க்க மனம் நோகும், தண்ணித் தாங்கியை எரிப்பது போல.

மேற்குச் சுவருக்கு இப்போதே நிழல் வேண்டும் என்றால் கம்பிப் பந்தல் ஒன்றைச் சுவரில் இருந்து 2 அடி தள்ளிப் போட்டுக் கொடித்தோடை விடுங்கள். அது படரும் வரைக்கும் பாகல், பயற்றை. மரம் என்றால் வேம்பு, சுவரில் இருந்து 15 அடிக்குக் குறையாமல். முருங்கை கூரைக்கும் பீலிக்கும் பக்கத்தில் வேண்டாம், வாடைக்காற்றில் முறியும். கிளை வெட்டுவது புரட்டாதியில், மழைக்கு முதல்.

விறகு எரிக்கிறீர்கள் என்றால் மூன்று கல்லை விட்டு இரண்டு பானை வைக்கும் அனகி மண் அடுப்பு வாங்குங்கள். ஒரே நெருப்பில் சோறும் கறியும், விறகு தெளிவாகக் குறையும். சாண எரிவாயுக் கலம் பற்றி யாரும் ஆசை காட்டினால், இரண்டு மூன்று மாடு கட்டாத வீட்டுக்கு அது வேண்டாம். ஒரு கிலோ சாணத்துக்கு 40 லீற்றர் வாயு அளவுதான் வரும், குசினிக் கழிவு மட்டும் முழுச் சமையலுக்கும் காணாது.

பொலித்தீனை எரிக்கவும் வேண்டாம், புதைக்கவும் வேண்டாம். சாம்பல் கிணற்றுக்குப் போகும். சாப்பாட்டு மிச்சத்தோடு கட்டிக் குப்பை வண்டியில் போடுவது அதைவிடப் பாவம். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்ரிக் தின்று எட்டு வருடத்தில் 20 யானை அளவில் இறந்ததாக 2022 தை மாதம் செய்தி வந்தது. சோற்று வாசம் இல்லாத பொலித்தீனை யானை தேடாது. கழுவிக் காயவைத்துத் தனியே கொடுங்கள்.

தேத்தாமரத்தடி எழுதியது:

அக்கா, நன்றி. ஒரே ஒரு சந்தேகம். தாங்கி நிரம்பிய பிறகு வழிகிற தண்ணியையும் மேற்குச் சரிவுத் தண்ணியையும் குழி வெட்டிக் கிணற்றடியில் இறக்கினால் சவர் குறையுமா?

ஊற்றுக்கண் எழுதியது:

எல்லாரும் கேட்கிற கேள்வி, பதில் இடத்தைப் பொறுத்தது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில், நிலத்தடி நீர் ஆழத்தில் உள்ள இடத்தில் குழி வேலை செய்யும். உங்கள் மணலில் மார்கழியில் நிலத்தடி நீர் ஏற்கனவே காலடியில் நிற்கிறது. நிரம்பிய வாளிக்குள் ஊற்றுவதால் என்ன வரும்? குழிக்குப் பலன் ஐப்பசி மழைக்கும், பங்குனி சித்திரையில் வரும் இடைமழைக்கும்தான். அதற்கு வெட்டிக் கட்ட வேண்டியதில்லை. கிணற்றுக்குக் கடல் பக்கமாக, 15 அடி தள்ளி, 10 அடி நீளம், 5 அடி அகலத்தில் முக்கால் அடி ஆழப் பள்ளம் ஒன்று போதும். புல் விடுங்கள். ஒரு நாளுக்கு மேல் தண்ணி நின்றால் அது மண் நிரம்பிவிட்டது என்பதற்கு அடையாளம், வரம்பை வெட்டி வாவிப் பக்கம் வடிய விடுங்கள். பழைய மலசலக் குழியும் அதே கடல் பக்கம்தான் இருக்கிறது. ஆகவே அதைக் கசடு அள்ளி, சுண்ணாம்பு தூவி, மண்ணால் நிரப்பி ஒரு மாரி போன பிறகுதான் இந்தப் பள்ளம். அதற்கு முதல் செய்தால் குழியில் மிச்சம் இருப்பதைக் கிணற்றுக்குள் கழுவி விடுவீர்கள். கூரைத் தண்ணியை நேரே கிணற்றுக்குள் விடுவதும் கூடாது.

முற்றத்துக்குச் சீமெந்துக் கல் பதிக்காதீர்கள். வளவு மணல் திறந்திருப்பதுதான் உங்கள் பெரிய சேகரிப்புக் குழி. 20 பேர்ச் என்பது 506 சதுர மீற்றர், கூரையைவிட ஐந்து மடங்கு.

பலன் தெரிய ஒரு சிறிய உப்பு அளவி வாங்குங்கள், பேனா மாதிரி இருக்கும். மாதம் ஒருமுறை, அதே திகதியில், விடிய மோட்டர் போட முதல் ஒரு அளவு, 15 நிமிடம் ஓடிய பிறகு இன்னொரு அளவு. குடிநீருக்கு எமது தரம், கரைந்திருப்பது எல்லாம் சேர்த்து லீற்றருக்கு 500 மில்லிகிராம். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் மோட்டர் உப்பை இழுக்கிறது, ஓட்டும் நேரத்தை 10 நிமிடமாகக் குறையுங்கள். இரண்டும் சமமாக உயர்ந்தே நின்றால் அது கோடையின் வேலை, மழை வரும் வரை குளிப்புக்கு மட்டும் பாவியுங்கள். இந்த ஆனிக்கு முதல் அளந்து எழுதத் தொடங்குங்கள், மாற்றம் செய்த பிறகு வரும் ஆனியோடு ஒப்பிடலாம்.